ஆறு மில்லிமீட்டர்

ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதை முதலில் சொல்லிவிட்டுத்தான்
எல்ஸ்பெத் வண்டியைக் காட்டினாள்.

தூள்நீல ட்ரையம்ஃப், அறுபத்துமூன்றாம் வருடத்தது.
வலது விளக்கு குழிக்குள் போய்
ஒரு கண்ணை மூடிக் கோபித்துக்கொண்டு நின்றது.
ஃபெண்டரில் சுவரின் பாசி, இன்னும் ஈரமாக.
கெல்சோவுக்குத் தெற்கே அந்த வளைவில்
சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்
எத்தனை வண்டிகளைப் பார்த்ததோ;
இரண்டு கல் விழுந்தது, அவ்வளவுதான்.

பார்த்து ஓட்டத் தெரியாதவளுக்குப்
பந்தயக் கார் எதற்கு என்கிறாராம் ஃபெர்கஸ்,
மூன்று வாரமாக.
சாப்பாட்டு மேசையில். சர்ச் வாசலில்.
போன வியாழன் தபால்காரனிடம்.

நானும் ஸ்ட்ரூவனும் பாடியைக் கழற்றித் தூக்கினோம்.
சேஸிஸின் துளைக்குத் துளை தூக்குக்குண்டு இறக்கி
குண்டின் மூக்கு தொட்ட இடமெல்லாம்
தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன்.
மூலைக்கு மூலை டேப் பிடித்ததில்
ஒரு குறுக்கு மற்றதைவிடப்
பத்தொன்பது மில்லி குறைவு.

சங்கிலி மாட்டி இழுத்தோம்.
இரும்பு சொன்னவுடன் கேட்காது.
கேட்டதுபோல் வரும், விட்டதும் திரும்பிப் போகும்.
வேண்டியதற்கு மேல் கொஞ்சம் இழுத்து,
இழுத்த நிலையிலேயே மூலைகளைத் தட்ட வேண்டும்,
பஸ்ஸில் தூங்குகிறவனைத் தோளில் தட்டுவதுபோல.
பதின்மூன்று வந்தது.
ஆறு வரவில்லை.
ஸ்ட்ரூவன் சங்கிலியைத் திட்டினான்,
பிறகு டேப்பை, பிறகு என்னை.

சாயங்காலம்தான் வலது சட்டத்தின் அடியில்
தார்ப்பூச்சைச் சுரண்டினேன்.
அங்கே மட்டும் இரண்டு மடங்கு கெட்டி,
அவ்வளவு அக்கறை.
சுரண்டச் சுரண்ட மஞ்சள்:
பித்தளையால் பற்றவைத்த ஒட்டு.
ஓரத்தில் ஆணியால் யாரோ கீறிய தேதி,
மே 91.

போன் செய்தேன்.
"அந்த மே மாதம் நான் அபர்டீனில்.
அக்காவுக்குப் பிரசவம். ஒன்பது நாள்."
கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும்.
"புது டயர் போட்டேன் என்றார்.
வண்டி வலப்பக்கம் இழுக்கிறதே என்றேன்.
டயர் பழகும்வரை அப்படித்தான் என்றார்."

முப்பத்துமூன்று வருடம்
ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை
இடப்பக்கம் பிடித்தே ஓட்டியிருக்கிறாள்.
முழுப் பூசணிக்காயைத்
தாரில் மறைத்திருக்கிறார் மனுஷன்.

"சனிக்கிழமை வரை அதைத் தொட வேண்டாம்" என்றாள்.

சனிக்கிழமை ஃபெர்கஸ் வந்தார், இஸ்திரி கலையாத சட்டையில்.
நசுங்கிய ஃபெண்டரைப் பார்த்து "த்சு" கொட்டினார்.
டேப் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு
நுனியோடு அவள் பின்மூலைக்குப் போனாள்.
"அந்தத் துளையில் வையுங்கள்.
அதுதான், மஞ்சளுக்குப் பக்கத்தில்."
வைத்தார்.
மஞ்சளைப் பார்த்தார்.
"எவ்வளவு குறைகிறது? சத்தமாக."
கம்ப்ரெசர் தானாக ஓடி, தானாக நின்றது.
"ஆறு."
"எப்போதிலிருந்து?"
அதற்கு டேப்பில் கோடு இல்லை.
"சொல்லிவிடலாம் என்றுதான்..."
"தொய்கிறது. இறுக்கிப் பிடியுங்கள்."

பித்தளையை அறுத்தெடுத்து
எஃகுக்கு எஃகு வைத்தேன். ஆறும் வந்தது.
அடியில் டாலி, மேலே சுத்தி,
ஃபெண்டர் பன்னிரண்டு நாள்.
அடிபட்டு நீண்ட தகட்டைக்
காசளவு சிவக்கவைத்து ஈரத்துணி ஒற்றினால்
சீறிக்கொண்டு சுருங்கும்.
பட்டி மட்டும் கூடாது என்றிருந்தாள்,
நகக்கண் அளவுகூட.

வெள்ளோட்டம் அதே சாலையில்.
பின்னால் வேனில் நான்.
வண்டி இப்போது நேர்.
அவள் கை இன்னும் பழைய இடத்தில்.
கோணல் போன வண்டி கையின் பேச்சைக் கேட்டு
மெல்ல மெல்ல இடது ஓரத்துக்கு,
புல்லுக்கு, கல்லுக்கு.

அந்தப் பக்கத்து இருக்கையில் ஃபெர்கஸ்.
கதவுப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு
ஒரு வார்த்தை பேசாமல்.